உலைக்குக் காவல்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நால்வரும் சுகம். உன் சுகத்தைத் தினமும் சாமியிடம் விசாரிக்கிறேன், உன்னிடம் இப்போதுதான் விசாரிக்கிறேன். சாமியே இல்லை என்கிறவனுக்காக அவரிடம் கொஞ்சம் கூடுதலாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நீ கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, வேலைநிறுத்தம் திங்கட்கிழமை தொடங்கிவிட்டது. பாட்டில் பார்க்கிற பெண்கள்தான் முதலில் வெளியே வந்தார்கள். இத்தனை வருடம் பெல்ட் முன்னால் உட்கார்ந்து கீறல் பாட்டிலைப் பொறுக்கியும் அவர்கள் இன்னும் தற்காலிகம்தானே. "கண்ணு நிரந்தரமாப் போயிடுச்சு, வேலை மட்டும் தற்காலிகமாம்!" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டில் நின்று கத்தினாள். காவல்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, சங்கச் செயலாளர் கொடிக்கம்பம் சௌக்கியம். இன்னும் இளைத்திருக்கிறார். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

மூன்றாவது, என் வீட்டுக்காரர், உன் மாமா. அவருக்கும் குட்டை உலைக்காரருக்கும் வழக்கம்போல முறைபோட்டு உலைக் காவல். நீயும் அங்கே பாட்டில் அடுக்கியவன், உனக்குத் தெரியாததா? வேலை நின்றாலும் நெருப்பு நிற்கக் கூடாது. நின்றால் தொட்டியில் இருக்கிற கண்ணாடிக் குழம்பு இறுகி, உலைச் செங்கல் பிளந்துவிடும். அதனால் சங்கமே ஆளை அனுப்புகிறது, முதலாளியும் கதவைத் திறக்கிறார். தொட்டிலில் பிள்ளை தூங்கும்போது புருஷன் பெண்டாட்டி குரலை அடக்கிச் சண்டை போடுவார்களே, அந்த மாதிரி.

வேளைக்குச் சாப்பிடு. சாப்பாடு பிடிக்கவில்லை என்று சின்ன வயதில் போலத் தட்டைக் கவிழ்க்காதே. அங்கே துடைக்க அக்கா இல்லை.

உன் நினைவாக,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், சளி மட்டும் விடவில்லை. கட்சித் தலைமை அலுவலகத்தின் மாடி அறையில், அச்சு மையும் பழைய பத்திரிகைக் கட்டும் சூழப் படுத்தால் வேறென்ன வரும்? சின்னவளுக்கு மூச்சு இளைப்பு எப்படி இருக்கிறது? மாமாவுக்கு என் வணக்கம்.

ஒரு செய்தி. கொடிக்கம்பம் இன்னும் ஐந்தாறு நாளில் அங்கே கூட்டத்தில் சொல்வார். அதற்கு முன் நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இந்த முறை உலைக் காவல் கிடையாது என்று செயற்குழு முடிவெடுத்துவிட்டது.

நீ பதறுவாய். யோசித்துப் பார் அக்கா. போன வேலைநிறுத்தத்தில் நாம் பட்டினி கிடந்தோம், முதலாளிக்கு ஒரு செங்கல் கூட நஷ்டமில்லை. ஏன்? நெருப்பை நாமே காத்துக் கொடுத்தோம். அவருக்கு அவசரமே இல்லை. அதில்தான் என் வேலை போனது. உலை குளிரப் போகிறது என்று தெரிந்தால் ஒரு வாரத்தில் பேச்சுவார்த்தைக்கு வருவார். உண்மையில் அணைய விடும் நிலையே வராது. பயம் போதும்.

குழுவில் ஒன்பது பேர். நானும் கை தூக்கினேன். மாமா என்ன சொன்னார் என்று எழுது.

தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

இங்கு யாவரும் சுகம். சின்னவளுக்கு இளைப்பு பரவாயில்லை. உன் சளிக்கு வெந்நீர் குடி, பேச்சைக் குறை.

மாமா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கொடிக்கம்பம் தீர்மானத்தை வாசித்ததும் குட்டையர்தான் எழுந்தார்.

"அந்தாளுக்கு வேற ஊர்ல ரெண்டு ஆலை இருக்கு. செங்கல் பிளந்தா பூட்டைப் போட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் எந்தக் கேட்டுல நின்னு கோஷம் போடுறது?"

"தோழர், முதலாளிக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டாம்" என்றார் கொடிக்கம்பம்.

"நான் எனக்காகத்தாங்க வடிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு உலை."

சிரிப்பு எழுந்தது. அப்புறம் கைகள் எழுந்தன. பாதிக்கு மேல் தூக்கினார்கள். குட்டையரும் கடைசியில் தூக்கினார். அடுத்த வீட்டுக்காரி இரண்டு கையையும் தூக்கினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு இழக்க என்ன இருக்கிறது?

உன் மாமா வீட்டுக்கு வந்து, உலைக்குப் போட்டுப் போகிற தடித்த சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. தெருவில் எல்லோரும் புகைபோக்கியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சாகக் கிடக்கிறவர் மூச்சைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கடவுள் இரண்டு பக்கத்துக்கும் புத்தி கொடுக்கட்டும். இதை எழுதினால் கோபிப்பாய், இருந்தும் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே நிலைமை சரியில்லை. உலை குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் புகை வருகிறதாம். மெலிசாக, நாள் தவறாமல். ஆலை அதிகாரிகள் இரண்டு பேர் உள்ளே இருப்பது எங்களுக்குத் தெரியும். பர்னரைத் திறக்க மூட அவர்களுக்குத் தெரியும், உலையைத் தெரியாது. கை பழகிய ஒருவன் போய்வருகிறான். நேற்றுப் பேச்சுவார்த்தையில் முதலாளி காலாட்டிக்கொண்டே, "உங்க ஆளே உலையைப் பார்த்துக்கறான், எனக்கென்ன அவசரம்?" என்று சிரித்தார். எங்கள் தலைவர் பெரிய தோழருக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கே பட்டினி கிடக்கிற அத்தனை பேரையும் ஒருவன் விற்றுக்கொண்டிருக்கிறான் அக்கா.

மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, சின்னவளுக்கு மருந்து கிடைக்கிறதா? இரண்டு, நிவாரண அரிசி எல்லா வீட்டுக்கும் வந்ததா, கொடிக்கம்பம் பாரபட்சம் பார்க்கிறாரா? மூன்று, உள்ளே போகிறவன் யார்? தெருவில் பேச்சு இருக்கும், உன் காதுக்கு வராமல் இருக்காது. குழு என்னைத்தான் கேட்கிறது, என் சொந்த ஊர் ஆலை என்பதால். நீ பொய் சொல்ல மாட்டாய் என்பதால் நான் உன்னைக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. எல்லோரும் சுகம்.

கேட்டவற்றுக்குப் பதில். ஒன்று, சின்னவளுக்கு மருந்து தர்ம ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது, காலையிலேயே போய் நிற்க வேண்டும். இரண்டு, அரிசி எல்லோருக்கும் வந்தது. கொடிக்கம்பம் தன் பங்கைக் கடைசியில்தான் எடுத்துக்கொண்டார். கல் அதிகம். பொறுக்கிப் பொறுக்கி எனக்கும் பெல்ட் வேலை பழகிவிட்டது என்றேன், அடுத்த வீட்டுக்காரி "உன்னையும் தற்காலிகத்துல சேத்துடலாம்" என்றாள்.

பெரியவள் பரீட்சைக்குப் படிக்கிறாள். உன் மாமா தினமும் போராட்டக் கொட்டகையில் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். குட்டையருக்குக் காய்ச்சல், நான்கு நாளாகக் கொட்டகைக்கு வரவில்லை.

வெயில் தொடங்கிவிட்டது. உன்னைச் சாமி காப்பாற்றட்டும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் வந்தது. ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கிறாய். மூன்றைக் காணோம்.

நீ மறந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். என் எட்டாம் வகுப்புச் சட்டைக்கு எத்தனை பொத்தான் மாற்றினாய் என்று இன்றைக்கும் சொல்கிறவள் நீ. அதனால் உன் கடிதத்தை அலுவலகக் கோப்பில் வைக்கவில்லை. சட்டைப்பையில் இருக்கிறது. தூங்கும்போதும் அதே சட்டை.

நீ பதில் எழுதுவதற்குள் இங்கிருந்து ஒரு துண்டறிக்கை அச்சாகிப் போய்விட்டது. அங்கே வந்திருக்கும். அதில் பெயர் இல்லை, 'உலைக்காரன்' என்று மட்டும் இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

மாமா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். வெயிலில் எங்கேயும் போக வேண்டாம் என்று சொல். எங்கேயும்.

தம்பி


மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

துண்டறிக்கை வந்தது. மாமாவுக்குக் கண் கூசுவதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். தெருவில் இருப்பது இரண்டு உலைக்காரர்கள். ஒருவர் தினமும் கொட்டகையில் முன் வரிசையில். இன்னொருவர் காய்ச்சல் என்று வீட்டுக்குள். அவர் வீடோ ஆலையின் பின்சுவரை ஒட்டியது. ஊருக்குக் கணக்குப் போட வேறென்ன வேண்டும்?

குட்டையர் வீட்டுக் கதவில் தார் பூசிவிட்டார்கள். ஜன்னலில் கல் விழுந்தது. அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் வரிசையே நகர்ந்து நின்றுகொள்கிறது. நான் அவள் பக்கத்தில் குடத்தை வைத்தேன். "நீங்களாவது..." என்று அழுதாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆகவே உன் மூன்றாவது கேள்விக்குப் பதில். உன் மாமா.

விடியும் முன்னும் பொழுது சாயும் நேரமும் போகிறார். உடைசல் கண்ணாடி கொட்டுகிற மேட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு சந்து இருக்கிறது. சம்பளம் கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை. ஒரு பாட்டில் கூட ஓட விடவில்லை, நெருப்பு மட்டும். "நாளைக்கு ஜெயிச்சு உள்ள போறப்ப, போறதுக்கு ஒரு இடம் வேணுமேடி" என்றார். முதலில் தெரிந்த அன்று நான் அவரோடு பேசவில்லை. தீர்மானம் என்றால் தீர்மானம்தானே, நம் சொந்தக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் தள்ளுபடியா? முதலாளி காலாட்டிச் சிரித்ததை நீ எழுதினாயே, அதையும் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுக்கொண்டார். மறுநாளும் போனார்.

யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை. குட்டையர் கதவில் தார் இருக்கும்போது என் வீட்டு விளக்கின் முன் கண்ணை மூட முடியவில்லை, அது மட்டும் தெரிகிறது. என்ன செய்யலாம், சொல்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

யாரிடமும் சொல்ல வேண்டாம். மாமாவும் சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் கொடு. காவலைத் திரும்பப் போடலாம் என்று குழுவில் பேச்செடுக்கிறேன், பெரிய தோழர் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். அது தீர்மானமாகிவிட்டால் உள்ளே இருந்தது யார் என்பதே முக்கியமில்லாமல் போய்விடும்.

இப்போது வெளியே வந்தால் மாமாவை மட்டும் பேச மாட்டார்கள். 'கருங்காலியின் மைத்துனன் செயற்குழுவில்' என்பார்கள். என்னிடம் இருப்பது இந்தக் கட்சிதான் அக்கா. வேலை போன அன்று கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள் இவர்கள்தான்.

குட்டையருக்குக் கஷ்டம்தான், தெரிகிறது. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல். காரணம் சொல்லாமல் பொறுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குட்டையரை விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "நீதானா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார். "அப்ப யாரு?" என்றார்கள். வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் மாமா எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவரை விடுங்க. நான்தான்."

தம்பி, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கொடிக்கம்பம் அழுதேவிட்டார்.

"ஏன்யா, முன் வரிசையில உக்காந்து கோஷம் போட்டியே!"

"கோஷமும் நெசந்தான் தோழர்."

அடுத்த வீட்டுக்காரி என் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள். "அண்ணே, நீ மட்டும் அணைய விட்டிருந்தா போன மாசமே கையெழுத்துப் போட்டிருப்பான். என் பிள்ளைங்க கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்குதுங்க, நீ அவனுக்கு அடுப்பெரிச்சிட்டு இருந்திருக்கே."

"கையெழுத்துப் போட்டிருப்பான், இல்ல பூட்டுப் போட்டிருப்பான். எதுன்னு எனக்குத் தெரியலம்மா. தெரியாம அணைக்க மனசு வரல."

"அதை நீ ஒத்தை ஆளா முடிவு பண்ணுவியா? அப்ப நாங்க எதுக்குக் கை தூக்கினோம்?"

அவர் கையிலிருந்த துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார். அவள் கேட்டது நியாயம்.

கடைசியில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். உன் மாமாவைச் சங்கத்திலிருந்து நீக்குவது. சங்கக் காவலை மறுபடி உலைக்குப் போடுவது. தலைமை என்ன சொன்னாலும் சரி என்று இரண்டாவதையும் எழுத வைத்தவள் அடுத்த வீட்டுக்காரிதான். "இத்தனை நாள் எரிஞ்சதை இனிமே நம்ம ஆளே எரிக்கட்டும், அவன் சிரிப்பு நிக்கட்டும்" என்றாள். இரண்டுக்கும் அதே கைகள் எழுந்தன. உன் மாமாவும் இரண்டுக்கும் கை தூக்கினார். "உனக்கு ஓட்டு இல்லய்யா" என்று யாரோ சொன்னபோதுதான் இறக்கினார்.

வெளியே வந்ததும் குட்டையரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு முதல் நாளே தெரியும்மா. புகையைப் பார்த்தா யார் கைன்னு தெரியாதா?" என்றார்.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. சொல்ல வேண்டாம் என்று நான் எழுதியது, சொன்ன பிறகு உன் கைக்கு வந்திருக்கும். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் அதுதான், வேலை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது உனக்குத் தெரியும். பெண்களில் பாதிப் பேர் இப்போது நிரந்தரம், மீதிப் பேர் வரும் வருடம். பெரிய தோழர் வெற்றி என்கிறார். சங்கம் கொடுக்கும் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் திரும்ப எடுப்போம் என்பது ஒரு நிபந்தனை. பழிவாங்கலைத் தடுக்க நாங்களே கேட்டு வாங்கிய நிபந்தனை அது. மாமா சங்கத்தில் இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை.

குட்டையர் மாமாவுக்காக மேல்முறையீடு எழுதி அனுப்பியிருக்கிறார். மே பதினெட்டாம் தேதி குழுவில் எடுத்துக்கொள்கிறோம். ஒன்பது கைகள். ஒழுங்கு முக்கியம் என்று நாலு பேர் இப்போதே சொல்லிவிட்டார்கள். நாலு பேர் மாமா பக்கம் பேசுகிறார்கள்.

மூன்று கேட்கிறேன். ஒன்று, எல்லோரும் நலமா? இரண்டு, மாமா இப்போது என்ன வேலை பார்க்கிறார்? மூன்று, அந்தத் துண்டறிக்கையை எழுதியது யார் என்று மாமாவுக்குத் தெரியுமா?

தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் சளி விட்டதா?

ஒன்று, நலம். பெரியவள் பரீட்சையில் தேறிவிட்டாள். சின்னவளுக்கு வெயிலில் இளைப்பு குறைந்திருக்கிறது. அடுத்த வீட்டுக்காரி நிரந்தரமாகிவிட்டாள். முதல் நாள் ஆலை கொடுத்த புதுச் சட்டையோடு கிளம்பினவள் எங்கள் வாசலில் நின்று, உன் மாமாவைப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் சின்னவளுக்கு ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தனுப்பினாள்.

இரண்டு, ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறார். கடைக்காரர் மெச்சுகிறார். "புலியைப் பிடிச்சவரைக் கொண்டாந்து பூனைக்குக் காவல் வெச்சிட்டாங்க" என்று குட்டையர் கேலி செய்கிறார். உன் மாமாவும் சிரிக்கிறார், சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மூன்று, தெரியும். வாசித்துக் காட்டிய அன்றே தெரியும். 'தின்ற தட்டைக் கவிழ்க்கிறவன்' என்று அதில் ஒரு வரி இருந்ததே. உன்னைத் திட்ட நானே உண்டாக்கிய வசவு அது, வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அந்த வரியில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "படி, படி, நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு இல்லை.

நானும் உன்னிடம் ஒன்று கேட்க இருந்தேன். எழுதாமல் விடுகிறேன். நான் விட்ட பதிலைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, விட்ட கேள்வியைப் படிக்கவும் தெரியும்.

பதினெட்டாம் தேதி முடிந்து நீ எப்போது வந்தாலும் உனக்கு இங்கே தட்டு உண்டு.

இதை எழுதும்போது உன் மாமா வாசலில் நிற்கிறார். ரொட்டிக்கடைக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை. புகைபோக்கியைப் பார்த்து, "கொஞ்சம் கறுக்குது, காத்தைக் கூட்டணும்" என்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

உன் நினைவாக,
அக்கா